பூனைக்கு மணி கட்டினால் போதுமா?

காலை ஆறு மணி. அம்பத்தூரில் ஒரு வீடு.

வாசலில் கோலம் போட்டு விட்டு, கை கழுவக் கொல்லைப்புறம் போகிறாள் வீட்டுக்காரி. கதவருகே காலில் ஏதோ மெத்தென்று படுகிறது. குனிந்து பார்க்கிறாள்.

ஓர் அணில் குட்டி! கழுத்தில் இரத்தம். உயிர் இல்லை.

பக்கத்தில் பூனை உட்கார்ந்திருக்கிறது. முன்னங்காலை நக்கி நக்கி முகம் துடைக்கிறது. "எப்படி என் சாமர்த்தியம்?" என்று கேட்பது போல அவளை அண்ணாந்து பார்க்கிறது.

"அடிப் பாவி! ராத்திரிதானே ஒரு கிண்ணம் தயிர் சோறு தின்றாய்? உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?"

சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். சின்னப் பெண் அழுகிறாள். "இது கெட்ட பூனை! நமக்கு வேண்டாம், அம்மா!"

உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வருகிறது. "அப்போதே சொன்னேன், கேட்டீர்களா? சாக்கில் போட்டுக் கட்டி, பூந்தமல்லிப் பக்கம் கொண்டு போய் விட்டு விட்டு வரச் சொல்லு உன் வீட்டுக்காரனை!"

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், பூனை வளர்க்கும் வீடுகளில் எல்லாம் நடக்கிற கதை. இன்று அணில். நாளை தவிட்டுக்குருவி. மறுநாள் ஓணான். மழைக்காலமாக இருந்தால், பாதி உயிரோடு ஒரு பாம்பைக்கூடக் கவ்விக்கொண்டு வந்து கூடத்தில் போட்டு விடும்!

பூனை செய்தது குற்றமா? குற்றம் என்றால், குற்றவாளி யார்?

பசி வேறு, வேட்டை வேறு

"வயிறு நிறையச் சோறு போட்டால், பூனை ஏன் வேட்டைக்குப் போகிறது?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தக் கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது.

மனிதனுக்குப் பசித்தால் சாப்பிடத் தோன்றும். பசி தீர்ந்தால் அடுப்பை அணைத்து விடுவான். பூனை அப்படி இல்லை. அதற்குப் பசி வேறு, வேட்டை வேறு.

1976-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பூனைகளுக்கு மிகவும் பிடித்தமான உணவைத் தட்டில் வைத்தார்கள். அவை ருசித்துத் தின்றுகொண்டிருக்கும்போது, உயிருள்ள எலியைக் காட்டினார்கள். பூனைகள் என்ன செய்தன? தட்டை விட்டுப் பாய்ந்தன. எலியைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தட்டில் இருந்ததையே தின்றன!

இதற்குக் காரணம் உண்டு. காட்டில் வாழும் பூனை ஒரே வேளையில் பெரிய விருந்து சாப்பிடுவதில்லை. சிறு சிறு எலிகளாக, ஒரு நாளைக்குப் பல முறை பிடித்துத் தின்கிறது. பாய்ந்த தடவை எல்லாம் இரை சிக்காது. பல தடவை பாய்ந்தால்தான் ஒரு எலி கிடைக்கும். "பசி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சும்மா இருந்த பூனை பட்டினி கிடந்து செத்திருக்கும். கண்ணில் பட்டதும் பாய்ந்த பூனைதான் பிழைத்தது. அதன் வம்சம்தான் இன்று அம்பத்தூர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது.

அதன் உடம்பே வேட்டைக்கென்று அமைந்தது. மனிதனின் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பூனையின் காது 60,000-க்கு மேலும் கேட்கும். பரண் மேல் சுண்டெலி கீச்சிடுவது வீட்டில் யாருக்கும் கேட்காது, பூனைக்குக் கேட்கும். மனிதனுக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும், அதற்குக் கண் தெரியும். நகத்தை உறைக்குள் கத்தி போல உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நடப்பதால், காலடி ஓசையே இருக்காது.

இப்படிப் பிறந்த ஒரு பிராணியைப் பார்த்து, "உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டால், அது என்ன பதில் சொல்லும்?

எலிக்காக வந்த விருந்தாளி

பூனை மனிதனோடு சேர்ந்ததே வேட்டையால்தான்.

மனிதன் பயிரிட்டான். தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. மனிதன் அதை விரட்டவில்லை. அது தன்பாட்டில் வந்து, தன்பாட்டில் தங்கி விட்டது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள்.

நாயை மனிதன் பலவிதமாக மாற்றினான். ஆடு மேய்க்க ஒரு நாய், வீடு காக்க ஒரு நாய், மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு நாய் என்று உண்டாக்கினான். பூனையிடம் அவன் கேட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: "எலியைப் பிடி!"

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த வேலைக்காகவே வைத்திருந்து விட்டு, இன்று, "எலியைப் பிடி; அணிலைப் பிடிக்காதே. கரப்பானை அடி, குருவியை அடிக்காதே" என்றால் பூனைக்குப் புரியுமா? அணில் அழகு, எலி அருவருப்பு என்பது மனிதன் போட்ட கணக்கு. பூனையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சின்னதாக இருக்கிறது, சரசரவென்று ஓடுகிறது. போதாதா?

இந்தச் சங்கதியைப் பல்லவர் காலத்துச் சிற்பி நன்றாக அறிந்திருந்தான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் செதுக்கியது. அதில் ஒரு முனிவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறார். கீழே ஒரு பூனையும் அவரைப் போலவே பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது! அதன் காலடியில் எலிகள்!

அந்தச் சிற்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். பூனையின் தவம் எத்தனை நாளைக்கு என்று அவர்களுக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் சிரித்து விட்டு வந்தவர்களே, வீட்டில் தங்கள் பூனை மட்டும் உண்மையான முனிவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

"இயற்கைதானே, விட்டு விடலாமே!"

சரி, பூனை குற்றவாளி அல்ல. அப்படியானால் அது இஷ்டம் போல் பிடிக்கட்டும் என்று விட்டு விடலாமா?

"இயற்கை அப்படித்தான். புலி மானைத் தின்கிறது. பூனை குருவியைத் தின்கிறது. நடுவில் மனிதன் ஏன் வர வேண்டும்?" என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாதம் சரியல்ல.

காட்டில் மான் குறைந்தால் புலிக்குப் பட்டினி. புலியும் குறையும். பிறகு மான் பெருகும். இயற்கையின் தராசு இப்படி ஏறி இறங்கும்.

வீட்டுப் பூனைக்கு அந்தத் தராசு இல்லை. தெருவில் ஒரு குருவி மிச்சமில்லாமல் போனாலும் பூனை பட்டினி கிடக்காது. மாலையில் வீட்டுக்கு வந்தால் மீன் தலை இருக்கிறது. அதனால் பூனை குறைவதே இல்லை. ஒரே தெருவில் பத்து வீட்டில் பத்துப் பூனை இருக்கலாம். எந்தக் காட்டிலும் அவ்வளவு சின்ன இடத்தில் பத்து வேட்டை மிருகங்கள் இருக்க முடியாது. அங்கே பூனையை வைத்தது இயற்கை அல்ல. மனிதன்தான் வைத்தான். ஆகவே பொறுப்பும் மனிதனுடையதுதான்.

நியூசிலாந்து நாட்டில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே ஒரு சின்னஞ்சிறு குருவி வாழ்ந்தது. அதனால் சரியாகப் பறக்க முடியாது. தரையில் எலி போல ஓடும். 1894-ஆம் ஆண்டில் அந்தத் தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். விளக்குக் காவலர்களோடு பூனையும் போயிற்று. பூனை ஒவ்வொன்றாகக் குருவியைப் பிடித்து வந்து போட்டது. "இது என்ன, பார்க்காத பறவையாக இருக்கிறதே!" என்று காவலர் ஒருவர் அதைப் பறவை நிபுணர்களுக்கு அனுப்பி வைத்தார். உலகத்துக்கே அந்தக் குருவி அப்போதுதான் தெரிய வந்தது. தெரிய வந்த சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே அழிந்து விட்டது!

ஒரே ஒரு பூனைதான் ஓர் இனத்தை அழித்தது என்று வெகு காலம் கதை சொல்லி வந்தார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள், ஒன்றல்ல, தீவில் பெருகிய பல பூனைகள்தான் காரணம் என்றார்கள். வீட்டுக்கு ஒன்றாக வந்தது, ஊருக்குப் பலவாகப் பெருகியது. பாடம் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த நாட்டில் பூனைகள் ஓர் ஆண்டில் கொல்லும் பறவைகள் 130 கோடி முதல் 400 கோடி வரை இருக்கலாம் என்று தெரிந்தது. அதில் பெரும்பங்கு, வளர்ப்பார் இல்லாமல் திரியும் பூனைகளின் வேலை. வளர்ப்பார் இல்லாத பூனை எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் யாரோ வளர்த்து, யாரோ கைவிட்ட பூனையின் வம்சம்தான் அது!

ஏரிக்கரையில் வீடு

சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்கள் எல்லாம் ஏரி ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி. அந்த ஏரித் தண்ணீரில் வயல்கள் விளைந்தன. தொழிற்சாலைகள் வந்தன, வீடுகள் வந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-இல் ஆவடியே ஒரு மாநகராட்சி ஆகி விட்டது.

வயல் போன இடத்தில் வீட்டுத் தோட்டம்தான் பறவைகளுக்கு மிச்சம். ஒரு முருங்கை மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி, காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஒரு செம்பருத்தி. அங்கேதான் குருவி கூடு கட்ட வேண்டும். அங்கேதான் தையல்சிட்டு இலையைத் தைக்க வேண்டும். தவிட்டுக்குருவிக் குஞ்சு பறக்கக் கற்றுக்கொள்ளும்போது, முதலில் தரையில்தான் தத்தித் தத்தி நடக்கும். அதே காம்பவுண்டுச் சுவரின் மேல் பூனையும் நடக்கிறது.

ஏரிக்கரையை ஒட்டிய வீடுகளில் இன்னும் கவனம் தேவை. நாணலில் கூடு கட்டும் நீர்க்கோழிக் குஞ்சுக்கு நாய் ஒரு எமன் என்றால், பூனை இன்னோர் எமன்.

எலிக்கு என்ன வழி?

"பூனையை அடக்கி விட்டால் எலியை யார் பிடிப்பது?" என்று பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்வி.

எலி சாதாரண எதிரி அல்ல. அரிசியைத் தின்னும். துணியைக் கடிக்கும். அதன் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். ஏரி நிரம்பி வளைகளில் தண்ணீர் புகுந்தால், எலிகள் வீட்டுக்குள் குடியேறும்.

ஆனால் எலி ஒழிப்பை முழுவதும் பூனையிடம் விட்டு விட்டுத் தூங்க முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் ஒரு குப்பைக் கிடங்கில், பூனைகள் எலிகளை என்ன செய்கின்றன என்று காமிரா வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. இரண்டரை மாதத்தில் பூனைகள் கொன்ற எலிகளை விரல் விட்டு எண்ணி விடலாம்! எலிகள் குறையவில்லை, மறைந்து மறைந்து நடமாடின, அவ்வளவுதான். பூனைக்குச் சுண்டெலி எளிது. பெருத்த எலியும் பெருச்சாளியும் அப்படி இல்லை. மூஞ்சூறைக் கொன்றாலும், நாற்றம் தாங்காமல் அப்படியே போட்டு விட்டுப் போகும். "பூனை இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் குப்பையைத் திறந்து வைக்கிற வீட்டில் எலி பெருகத்தான் செய்யும்.

அதற்காக விஷம் வைப்பது இன்னும் ஆபத்து. விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும். பூனையோடு போனால்கூடப் பரவாயில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலி மருந்து வைத்த வீட்டில் படுத்துத் தூங்கிய குடும்பமே அதன் நெடியில் மயங்கியது. இரண்டு குழந்தைகள் இறந்து போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாயும் எலி மருந்தைக் கையால் தொட மாட்டாள்.

எலிக்கு வழி மிக எளியது. அரிசியை மூடியுள்ள தகர டின்னில் வைக்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தை இரவே கழுவ வேண்டும். சாக்கடைத் துவாரத்துக்குக் கம்பி வலை போட வேண்டும். சுவர் ஓட்டையைச் சிமென்டு வைத்து அடைக்க வேண்டும். எலிப்பொறி வைக்க வேண்டும். தின்ன ஒன்றும் கிடைக்காத வீட்டில் எலிக்கு என்ன வேலை?

மணி கட்டிப் பார்த்தார்கள்

பூனையின் வேட்டையைக் குறைக்க முடியுமா? முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

எலிகள் எல்லாம் கூடி, "பூனைக்கு மணி கட்டுவது யார்?" என்று யோசித்த கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். எலிகளால் முடியாததை இங்கிலாந்தில் மனிதர்கள் செய்து பார்த்தார்கள். எக்ஸிடர் பல்கலைக் கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். சில பூனைகளுக்கு மணி கட்டினார்கள். சிலவற்றுக்குப் பல வண்ணத் துணிப் பட்டை கட்டினார்கள். சிலவற்றின் ஆகாரத்தை மாற்றினார்கள். சிலவற்றோடு தினமும் விளையாடினார்கள். 2021-இல் முடிவை வெளியிட்டார்கள்.

முடிவு என்ன?

மணி கட்டியதால் குறிப்பிடும்படியான பலன் இல்லை! எலிகளின் மாநாட்டுத் தீர்மானம் வீண்தான்.

வண்ணப் பட்டை கட்டிய பூனைகள் பிடித்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும். தூரத்திலேயே பார்த்துப் பறந்து விட்டது. இறைச்சி நிறைந்த நல்ல ஆகாரம் கொடுத்த பூனைகள் பிடித்து வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடிய பூனைகள் பிடித்து வந்தது 25 சதவீதம் குறைந்தது.

நல்ல சாப்பாடு, பத்து நிமிட விளையாட்டு. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. இரண்டும் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது.

தயிர் சோறு போதாது

அம்பத்தூர் அம்மா ஒரு கிண்ணம் தயிர் சோறு போட்டாள் அல்லவா? அன்போடுதான் போட்டாள். ஆனால் பூனைக்கு அது சாப்பாடு அல்ல.

நாய் சோறு தின்று பிழைக்கும். பூனையால் முடியாது. அது மாமிசம் தின்றே வாழப் பிறந்த பிராணி. டாரின் என்ற ஒரு சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். அது மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் கிடைக்காத பூனைக்குக் கண் கெடும் என்பதை 1975-இலும், இதயம் பலவீனமாகும் என்பதை 1987-இலும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பாலும் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும்.

வேக வைத்து முள் எடுத்த மீனோ, கோழி இறைச்சியோ, ஈரலில் ஒரு சிறு துண்டோ கொடுக்கலாம். வேக வைத்த தண்ணீரில் அந்தச் சத்து இறங்கி விடும். ஆகவே அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். மீன் குழம்புச் சோறு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சைவக் குடும்பங்கள் என்ன செய்வது? கடையில் பூனைக்கென்றே விற்கும் ஆகாரம் கிடைக்கிறது. அதில் டாரின் சேர்த்திருக்கிறார்கள். அதையும் வாங்கி வைக்க மனம் ஒப்பவில்லை என்றால், அந்த வீட்டுக்குக் கிளியும் வேண்டாம், பூனையும் வேண்டாம். ஒரு துளசிச் செடி போதும்! தான் சைவமாக இருப்பது ஒருவருடைய கொள்கை. பூனையையும் சைவமாக்குவது பூனைக்குச் செய்யும் கொடுமை.

பத்து நிமிட விளையாட்டு

விளையாட்டுக்குப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. நாலைந்து ஈர்க்குச்சியைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு துணி முடிச்சைத் தொங்க விட்டால் போதும். அதைத் தரையில் எலி போல இழுக்க வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும். திடீரென்று வெளியே காட்ட வேண்டும். பூனை பதுங்கும், பாயும், பிடிக்கும். முடிவில் அது பிடித்து ஜெயிக்கும்படி விட்டு விட வேண்டும். உடனே ஆகாரம் வைக்க வேண்டும். வேட்டையாடிய திருப்தியும் கிடைக்கும், வயிறும் நிறையும். பிறகு படுத்துத் தூங்கும்.

இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்து விட வேண்டும். நூலை விழுங்கினால் குடல் அறுந்து பூனை சாகக்கூடும்.

விளக்கு வைத்ததும் கதவைச் சாத்துக!

பூனை வேட்டைக்குப் புறப்படும் நேரம் அதிகாலையும் அந்திப் பொழுதும். பறவை இரை தேடும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் பூனை வீட்டுக்குள் இருந்தால் பாதி உயிர் பிழைக்கும். விளக்கு வைத்ததும் பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி விட வேண்டும். காலையில் வெயில் ஏறிய பிறகு திறக்கலாம். நாள் முழுவதும் உள்ளேயே வளர்த்தால் இன்னும் நல்லது.

"அடைத்து வைப்பது பாவம் அல்லவா?" என்று கேட்பார்கள். வெளியே என்ன இருக்கிறது? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன. தெருவில் நாய்கள். எங்கோ யாரோ வைத்த எலி விஷம். வலை அடித்த ஜன்னல் ஓரம், ஏறி உட்கார ஓர் உயரமான பலகை, மண் போட்ட ஒரு தட்டு, விளையாட ஆள். இவை இருந்தால் பூனை வீட்டுக்குள் சுகமாக வாழும்.

வீட்டாருக்கும் இதில் நன்மை உண்டு. எலியும் பறவையும் தின்னும் பூனையின் மலத்தில் ஒரு வகைக் கிருமி வரலாம். அது வயிற்றில் இருக்கும் சிசுவைப் பாதிக்கும். கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ளக் கூடாது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கடி நோய் பூனையாலும் வரும்.

பூனை உயிரோடு ஏதாவது பிடித்து வந்தால், வாயிலிருந்து பிடுங்கிப் போராடக் கூடாது. பிடித்தமான ஆகாரத்தைக் காட்டினால் இரையை விட்டு விடும். அடிபட்ட அணிலையோ குருவியையோ துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூனையை அடிப்பதால் பயனில்லை. அடி வாங்கிய பூனை வேட்டையை விடாது. யாரும் பார்க்காத இடத்தில் வேட்டையாடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாக்குப் பை தீர்வல்ல

கடைசியாக, பாட்டி சொன்ன யோசனைக்கு வருவோம்.

சாக்கில் கட்டிக் கொண்டு போய் விடுவது தமிழ்நாட்டில் பழைய பழக்கம். அது பூனையைத் தண்டிக்கிறது, குருவியைக் காப்பாற்றவில்லை. வீட்டில் தினமும் சோறு தின்ற பூனை, அனாதையான அன்றைக்கு முழு நேர வேட்டைக்காரன் ஆகிறது. இங்கே ஓர் அணிலைக் கொன்ற பூனை அங்கே பத்து அணிலைக் கொல்லும். குட்டியும் போடும். அது சட்டத்துக்கும் விரோதம். பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது.

குட்டிகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். பூனையின் சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். ஒரு ஈற்றில் நாலு குட்டி. ஆண்டுக்கு மூன்று ஈற்று என்றால், ஒரு தாய்க்குப் பன்னிரண்டு குட்டி! குட்டிகள் ஆறு மாதத்திலேயே சினைப்படலாம். இத்தனைக்கும் யார் சோறு போடுவது? தெருவுக்குத்தான் போகும்; குருவிக் கூட்டுக்குத்தான் போகும். ஆகவே கருத்தடை ஆபரேஷன் செய்வதே பெரிய புண்ணியம். வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் தூரம் அதிகமில்லை. ஒரு நாள் சிரமம். பல உயிர்களுக்கு நிம்மதி.

மறுபடியும் அந்த அம்பத்தூர் வீட்டுக்குப் போகலாம். சின்னப் பெண் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அவளிடம், "பூனை கெட்டது" என்று சொல்லக் கூடாது; அது பொய். "எல்லாம் இயற்கை, அழாதே" என்றும் சொல்லக் கூடாது. அது பாதிப் பொய். "பூனைக்குத் தெரியாது, கண்ணு. நமக்குத் தெரியும். இன்று முதல் பொழுது சாய்ந்ததும் நீதான் அதை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்த வேண்டும்" என்று சொல்ல வேண்டும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அணில் குட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்து விட்டு, சாயங்காலம் மறக்காமல் பூனையைக் கூப்பிடுவாள்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கேட்டன. மணி வேண்டாம், கதவைச் சாத்துவது யார் என்று கேட்டால் போதும். அதற்குப் பதில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.